சண்டை தேடிப்போன ரெட்டைக்குழல்

தேர்தல் முடிந்து, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கிகளை அவரவர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று தாக்கல் வந்ததும், மஞ்சக்கானல் தங்கமாயன் வெள்ளை வேட்டி கட்டி, மீசையில் எண்ணெய் தொட்டு நீவி, கட்டிக்கொடுத்த மகளை மறுவீட்டுக்கு அழைக்கப் போகிறவரைப் போல மலையிலிருந்து இறங்கிப் போய்த் தன் ரெட்டைக்குழலைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த மறுநாள் காலையிலிருந்து அது தானாக நடக்க ஆரம்பித்தது.

மஞ்சக்கானல், வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறுகிற பஸ் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும் ஊர்களில் ஒன்று. மலைவாழையும் சௌசௌவும் காப்பியும் போட்டு, காட்டுப்பன்றி தின்றது போக மிச்சத்தை விற்றுப் பிழைக்கிற அந்த ஊரில், பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி இருந்தது தங்கமாயன் வீட்டில் மட்டும்தான். அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி. அதை அவர் கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே, வாசலில் தலையை நீட்டுகிற எவர் கண்ணிலும் முதலில் படுகிற மாதிரி இரண்டு கொக்கிகளில் மாட்டி வைத்திருந்தார். பத்திரிகை வைக்க வந்தவர், ஓட்டுக் கேட்க வந்தவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் என்று யாராக இருந்தாலும் அதைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும், கேட்டால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சௌசௌப் பந்தலுக்குள் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்ற கரடியை வானம் பார்த்துச் சுட்டே விரட்டியடித்த கதையைச் சொல்வார். அவர் மனைவி சீனியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதை கரடியின் பல்லுக்கு வரும்போது அடுப்படிக்குள் போய்விடுவாள்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த எஸ்.ஐ. தமயந்தி, கையெழுத்து வாங்குவதற்கு முன்பு, வீட்டில் இதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டிருந்தார். இரும்புப் பெட்டி வேண்டும், பெட்டியைச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும், தோட்டாக்களை வேறு இடத்தில் வேறு பூட்டுப் போட்டு வைக்க வேண்டும், சுவரில் மாட்டுவதற்கு இது காலண்டர் இல்லை என்றெல்லாம் சொல்லியிருந்தார். இதற்கு முன் இருந்த எஸ்.ஐ.க்களுக்கு ஆட்டிய அதே தலையைத் தங்கமாயன் இவருக்கும் ஆட்டினார். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் வீட்டில் துப்பாக்கி இருப்பது யாருக்குத் தெரியும், யாருக்கும் தெரியாத துப்பாக்கி இருந்தென்ன போயென்ன என்பது அவருடைய கட்சி. சீனியம்மாள் மட்டும் தோட்டாக்களைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, அடுப்படி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருந்தாள். சட்டத்துக்குப் பயந்து அல்ல. புருஷனை நன்றாகத் தெரிந்திருந்ததால்.

அன்று காலை கீழத்தெருவில் பவுன்ராசுவும் அவன் தம்பி மொக்கராசுவும் பலா மரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மரத்தின் அடி அண்ணன் நிலத்தில் இருந்தது. கிளை தம்பி வீட்டு ஓட்டின் மேல் கிடந்தது. பழுத்த பழம் ஒன்று ராத்திரி விழுந்து ஓட்டைப் பிளந்துகொண்டு தம்பி வீட்டு அடுப்பு மேல் உட்கார்ந்திருந்தது. பழம் யாருடையது என்று ஆரம்பித்த பேச்சு, ஓடு யாருடையது என்று வளர்ந்து, ஒருவன் இன்னொருவனின் தாயை இழுக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் தாய் ஒன்றுதான் என்பதால் அந்தத் திட்டு யார் மேல் போய்ச் சேருகிறது என்று சுற்றி நின்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், தெருமுனையில் நாய்கள் குரைத்தன. கால் கட்டிய ஆடு போகிற மாதிரி, பின்பக்கத்துக் கட்டையை ஊன்றி ஊன்றி எம்பி, ரெட்டைக்குழல் மண் சாலையில் தனியாக வந்தது. கூட்டம் வழிவிட்டது. அது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, இரண்டு பேர் கைக்கும் சரியான தூரத்தில், அலுங்காமல் படுத்துக்கொண்டது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பவுன்ராசு குனிந்து எடுத்து, குழலைக் கீழே மடக்கித் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்றான். ஒன்றும் இல்லைதான் என்று மொக்கராசுவும் குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்துச் சொன்னான். அதற்கு மேல் சண்டையை எந்த இடத்திலிருந்து தொடர்வது என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் வராமல் போனதால், அண்ணன் கட்டைப் பக்கமும் தம்பி குழல் பக்கமும் பிடித்து, பிணம் தூக்குகிற பதவிசோடு அதை மேலத்தெருவுக்குக் கொண்டுவந்து தங்கமாயன் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்தடுத்து அது போன இடங்களைப் பார்த்து, சண்டை நடக்கிற இடத்துக்குத்தான் அது போகிறது என்று ஊருக்கு விளங்கிவிட்டது. கோயில் கமிட்டியில் திருவிழா ரேடியோ செட் காண்ட்ராக்ட் யாருக்கு என்று வாக்குவாதம் வந்தபோது அது உண்டியலில் சாய்ந்து நின்றது. புதுசாகக் கல்யாணமான ஜோடி தலையணைக்காக முறுக்கிக்கொண்டபோது, கட்டிலின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. ஜன்னல் ஓர சீட்டுக்காக இரண்டு பொம்பளைகள் மல்லுக்கு நின்றபோது, பஸ்ஸில் ஏறி டிக்கெட் இல்லாமல் அடுத்த ஊர்வரை போய்விட்டது. கண்டக்டர் அதைத் திரும்புகிற பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

காரணம் என்ன என்பதில் ஊருக்கு அதிக அக்கறை இல்லை. தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் பல ஊர்த் துப்பாக்கிகளோடு ஒரே அறையில் சும்மா கிடந்து கெட்ட பழக்கம் கற்றுக்கொண்டு வந்துவிட்டது என்று டீக்கடையில் சொன்னார்கள். ஊரைச் சமாதானப்படுத்த வந்த தெய்வம் அதற்குள் இறங்கியிருக்கிறது என்று கோயில் பூசாரி சொல்லி, குழலுக்குச் சந்தனம் தடவினார். பூட்டி வைக்கவில்லை, அதனால் போகிறது, கதவைத் திறந்து போட்டால் மாடுகூடத்தான் போகும் என்று சீனியம்மாள் சொன்னாள். அது காரணமே இல்லை என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். விஷயம் எட்டி எஸ்.ஐ. தமயந்தி ஒருநாள் வந்து பார்த்தார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு திரிகிற மனிதனைப் பற்றித்தான் சட்டத்தில் இருக்கிறது, தன்னைத்தானே எடுத்துக்கொண்டு திரிகிற துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் இல்லை என்று கூட வந்த ஏட்டு சொன்னதைக் கேட்டு, அவர் நெற்றியைத் தேய்த்தபடி, பெட்டி வாங்குங்கள், அடுத்த தடவை வரும்போது பெட்டி இல்லாவிட்டால் துப்பாக்கி என்னோடு வந்துவிடும் என்று சொல்லிப் போனார். தங்கமாயன் அதற்கும் தலையாட்டினார். உண்மையில் அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊரில் எந்த நல்லது கெட்டதும் அவர் இல்லாமல் நடக்கவில்லை. துப்பாக்கிக்கு விழுந்த மாலையெல்லாம் அவர் கழுத்துக்கும் கொஞ்சம் விழுந்தது. முன்பு கரடியோடு நின்றுவிடும் கதை இப்போது, நான் சொன்னால்தான் அது போகும் என்பதுவரை நீண்டுவிட்டது.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. ரெட்டைக்குழல் வந்துவிட்ட வீட்டுக்காரர்கள் அதை வெறும் கையோடு திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரு முறைமை ஏற்பட்டது. நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து, துண்டு போர்த்தி, ஒரு சீப்பு பழத்தோடு கொண்டுவந்து விட்டார்கள். சிலர் வீட்டில் அது வந்தால் மாட்ட என்று தனிக் கொக்கி அடித்தார்கள். ஆனால் கொக்கி அடித்த வீடு சண்டைக்கார வீடு என்று பெயர் வாங்கியதால், அடித்தவர்களே பிடுங்கிவிட்டு, ஓட்டையில் சுண்ணாம்பு அப்பினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு, இந்த வீட்டுக்கு அது வந்திருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்கள். இப்படியாக, மானத்துக்குப் பயந்து, மஞ்சக்கானல் சண்டையை விட்டுவிட்டது. விட்டுவிட்டது என்று சொல்வது சரியில்லை. சண்டைக்குச் சர்க்கரைப்பாகு ஊற்றிவிட்டது.

குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தால், தங்கமே, இன்றைக்கு உன் கைமணம் கடல்வரை போய்விட்டு வந்திருக்கிறது என்று புருஷன்மார் சொன்னார்கள். உங்கள் நாக்கு அவ்வளவு தூரம் நீளமானது என்று எனக்குத் தெரியுமே ராசா என்று பெண்டாட்டிமார் பதில் சொன்னார்கள். வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்டவனைப் பார்த்து, என் நிலம் உன்னிடம் சௌக்கியமாக இருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார்கள். கோபம் தாங்காதவர்கள் காப்பித் தோட்டத்துக்குள் போய், வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு கத்திவிட்டு, திரும்பி வந்து புன்னகைத்தார்கள். இந்தச் சர்க்கரைப்பாகில் துப்பாக்கி ஏமாந்ததா என்றால், இல்லை. அது வந்துகொண்டுதான் இருந்தது. வருவதை யாரும் வெளியே சொல்லாமல், இருட்டின பிறகு கோணிச் சாக்கில் சுற்றிக்கொண்டுபோய்த் தங்கமாயன் வீட்டுக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தார்கள். வெளியூர்க்காரர்களோ மஞ்சக்கானல் போல மரியாதை தெரிந்த ஊர் மலையிலேயே கிடையாது என்று பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சமயம், பன்றிக் கூட்டம் தங்கமாயனின் வாழைக்குள் புகுந்து, குலை தள்ளிய மரங்களைக் கிழங்கோடு புரட்டிப் போட்டுவிட்டது. அவர் சீனியம்மாளிடம் கேட்டு இரண்டு தோட்டா வாங்கிக்கொண்டார். அவள் அலமாரியைத் திறந்து, இரண்டை எடுத்துக் கொடுத்துப் பூட்டி, காலையில் இரண்டும் திரும்ப வந்தாக வேண்டும், சுட்டிருந்தால் வெறும் கூடாவது வர வேண்டும் என்று சொன்னாள். அவர் காவல் பரணில் ஏறி உட்கார்ந்து, துப்பாக்கியில் தோட்டாக்களைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, பன்றிகள் வருவதற்கு முன்பே தூங்கிப்போனார். பன்றிகள் வந்து, தின்று, திருப்தியாகப் போயின. விடிந்ததும் அவர் கொட்டாவி விட்டபடி வீட்டுக்கு வந்து, துப்பாக்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, பல் தேய்க்கப் போனார்.

முகம் துடைத்துக்கொண்டு வந்தவரிடம் சீனியம்மாள் கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். மடியைத் தடவிப் பார்த்தார்.

"எங்க?" என்றாள்.

"உள்ள."

"எதுக்குள்ள?"

"அதுக்குள்ளதான்" என்று சொல்லிக்கொண்டே அவர் கூடத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கொக்கிகளும் வெறுமையாக இருந்தன.

இத்தனை நாளும் ஊரைச் சுற்றி வந்தது வெறும் இரும்பும் கட்டையும். அது வெறுமையாகத்தான் வரும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எல்லோரும் அதைத் தூக்கினார்கள், துடைத்தார்கள், குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார்கள், விளையாட்டாக மச்சினன் நெஞ்சுக்கு நேரே நீட்டிச் சிரித்தார்கள். இது தங்கமாயனுக்கு நடுத்தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் அவர் முன்னால் ஓட, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சீனியம்மாள் பின்னால் ஓடினாள்.

ஒவ்வொரு வாசலாக நின்று, இங்கே ஏதாவது சண்டையா, ரெட்டைக்குழல் வந்ததா என்று கேட்டார்கள். கேட்ட வாசலில் எல்லாம் சிரித்த முகம் எட்டிப் பார்த்தது. எங்கள் வீட்டிலா, நாங்கள் கண்ணும் மணியுமாக அல்லவா இருக்கிறோம் என்றார்கள். கன்னம் வீங்கியிருந்த ஒருவன், பல்வலி என்றான். உடைந்த சட்டியைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, பூனை என்றாள். துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது, உயிர் போகிற காரியம், உண்மையைச் சொல்லுங்கள் என்று தங்கமாயன் கெஞ்சினால், அப்படிப்பட்ட துப்பாக்கி வந்த வீடு என்று ஒத்துக்கொள்வது முன்னைவிடப் பெரிய அவமானம் என்பதால், இன்னும் அழுத்தமாகச் சிரித்தார்கள். சண்டை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஊர் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் சீனியம்மாள் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது.

"நம்ம தேடிப் போய்ப் புடிக்க முடியாது. அத இங்க வரவைக்கணும்" என்றாள்.

"எப்புடி?"

"நம்ம சண்ட போடணும். ஊர்ல நடக்குற எந்தச் சண்டையவிடவும் பெருசா."

தங்கமாயன் சுற்றுமுற்றும் பார்த்தார். டீக்கடையில் ஆட்கள் இருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, "எதப் பத்தி?" என்று கேட்டார்.

சீனியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவர் தம்மால் முடிந்தவரை முயன்று பார்த்தார். நேற்றுக் காப்பியில் சீனி கம்மி என்று சத்தமாகச் சொன்னார். அது எடுபடவில்லை. பொய்ச் சண்டைக்கு ரெட்டைக்குழல் வராது என்று ஊருக்கு ஏற்கெனவே தெரியும். திருவிழாவுக்கு வந்த வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதற்காகச் சிலர் நடித்துப் பார்த்து, தொண்டை கட்டியதுதான் மிச்சம். உண்மையாகவே கோபம் வர வேண்டும். உண்மையான கோபம் சீனியம்மாளிடம் இருந்தது. அதை அவள் வெளியே எடுக்காமலே காலத்தைக் கழித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். கீழத்தெருப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

முதலில் அவள் குரல் நடுங்கியது. போகப் போக நின்று நிலைத்தது. அந்தக் கரடியைப் பற்றிச் சொன்னாள். சௌசௌப் பந்தலுக்குள் கரடி எழுந்து நின்றபோது இந்த மனுஷன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு சில்வர் ஓக் மரத்தில் ஏறியதைச் சொன்னாள். ஏறுகிற அவசரத்தில் வேட்டி முள்ளில் மாட்டிக் கீழேயே நின்றுவிட்டதைச் சொன்னாள். கஞ்சி கொண்டுவந்தவள் நான், அலுமினியச் சட்டியைக் கரண்டியால் அடித்துக்கொண்டே கரடிக்கு நேரே நடந்தவள் நான், கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டு கொப்பளத்தோடு ஒரு வாரம் கிடந்தவள் நான் என்றாள். அது போனால் போகிறது, பயம் எல்லோருக்கும் வரும், அதை ஒரு குற்றமாக நான் நினைத்ததே இல்லை என்றாள். ஆனால் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இவர் கரடியை விரட்டிய கதையைச் சொல்லும்போது, ஒவ்வொரு தடவையும் நானே காப்பி போட்டுக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை என்றாள்.

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததுதான் தங்கமாயனுக்குப் போதுமானதாக இருந்தது. காது மடல்வரை சிவந்து, "ஊரு முன்னாடி என்னைய அம்மணமாக்கிட்டேல்ல" என்றார். அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியாத குரலாக இருந்தது. சீனியம்மாள் விடவில்லை. "பூட்டி வைங்கன்னு எத்தன வருஷமாச் சொல்றேன். அந்த எஸ்.ஐ. அம்மா சொல்லுச்சு. பூட்டுனா உங்க பெருமை செத்துப்போகும்ல? இப்ப எவன் வீட்டுல எது சாகப்போகுதுன்னு தெரியாம நடுரோட்டுல நிக்கிறேன்" என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதைத் துடைக்காமலே பேசினாள். அவர் பதிலுக்கு அவள் பிறந்த வீட்டை இழுத்தார், அவள் அண்ணனை இழுத்தார், என்றைக்காவது என்னை ஒரு ஆம்பளையாக மதித்திருக்கிறாயா என்று கத்தினார். மஞ்சக்கானலில் பலகாலமாகக் கேட்காத சத்தம் அது. சிரித்த முகங்கள் எல்லாம் வாசல்களிலிருந்து இறங்கி வந்து, பசித்தவர்கள் சாப்பாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றன.

கீழத்தெருவில் நாய்கள் குரைத்தன.

முன்னெப்போதும் இல்லாத வேகத்தில், கல்லிலும் பள்ளத்திலும் கட்டையை ஊன்றி எம்பி எம்பி ரெட்டைக்குழல் வந்தது. அதற்குப் பின்னால் மேல்துண்டு இல்லாமல், சாம்பல் பூசிய மாதிரி முகத்தோடு பவுன்ராசு ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் மொக்கராசு. காலம் தப்பிப் பழுத்த இரண்டாவது பலாப்பழம் விழுந்திருந்தது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அண்ணனும் தம்பியும், என் செல்லமே, என் ராசாவே என்று மெதுவாகத் திட்டிக்கொண்டிருந்தபோது அது ஜன்னல் வழியாக வந்து நடுவில் படுத்திருக்கிறது. இதையெல்லாம் பவுன்ராசு பிறகு சொன்னான். அந்த நேரத்தில் அவனுக்கு வந்தது இரண்டே வாக்கியம்தான்.

"கைல எடுத்துட்டேன் சித்தப்பா. காலியாத்தான இருக்கும், தம்பிய மெரட்டலாம்னு எடுத்து நீட்டிட்டேன்."

விசையில் விரலை வைத்தபோது அது அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு வெளியே குதித்து ஓடியிருக்கிறது. இங்கே அதைவிடப் பெரிய சண்டை கேட்டிருக்கிறது.

தங்கமாயன் அவன் சொன்னதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. துப்பாக்கி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, நேராக அவர் பக்கத்தில் போய், வளர்த்த நாய் போல அவர் முழங்காலில் சாய்ந்து நின்றுகொண்டது. கட்டையின் கழுத்து சரியாக அவர் உள்ளங்கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தது. அவர் கை போய் அதைப் பிடித்தது. அப்பா காலத்திலிருந்து பழகிய பிடி. டீக்கடையில் இன்னும் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தான். எதிரே சீனியம்மாள் ஈரமான முகத்தோடு நின்றாள். தங்கமாயனின் விரல் தானாக விசையைத் தேடிப் போவதை அவள் பார்த்தாள். அவரும் பார்த்தார். அந்த விரல் வேறு யாருடையதோ என்பது போல அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தவன் சிரிப்பை நிறுத்தினான். பஸ் வந்து நின்றது. இறங்க எழுந்தவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"மடக்குங்க" என்றாள் சீனியம்மாள். சத்தம் போடவில்லை. சாப்பிட உட்காருங்கள் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். குழலைத் தரைக்குத் திருப்பி, துப்பாக்கியை மடக்கினார். இரண்டு தோட்டாக்களும் சிவப்பாக உள்ளே உட்கார்ந்திருந்தன. அவற்றை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தபோது, ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, புடவையில் துடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"என் கை என்னையக் கேக்கல சீனி" என்றார்.

"தெரியும்" என்றாள். "பாத்தேன்."

அந்த வாரமே பெட்டி வந்தது. நிலக்கோட்டையிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்த இரும்புப் பெட்டி, ஆள் உயரம். அதை வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத உள் அறையில், சுவரில் துளை போட்டு, போல்ட் வைத்து முடுக்கினார்கள். முடுக்கிக் கொடுக்க வந்தவர்கள் பவுன்ராசுவும் மொக்கராசுவும். பெட்டிச் சாவி சீனியம்மாளிடம் இருக்க வேண்டும் என்றும், தோட்டா அலமாரிச் சாவி தங்கமாயனிடம் இருக்க வேண்டும் என்றும், ஒருவர் சாவியை இன்னொருவர் தொடக் கூடாது என்றும் அவர்களுக்குள் ஏற்பாடு. ஆக, பன்றி வந்தால்கூட இரண்டு பேரும் பேச்சுவார்த்தையில் இருந்தால்தான் துப்பாக்கி வெளியே வரும். பன்றிகளுக்கு இது அனுகூலமாகத்தான் போனது. சொன்னபடி அடுத்த தடவை வந்த எஸ்.ஐ. தமயந்தி பெட்டியை இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்ததும், முதல்முறையாக அந்த வீட்டில் ஒரு காப்பி குடித்தார்.

பூட்டின துப்பாக்கி போகவில்லை. ஊரில் எங்காவது சண்டை வந்தால் பெட்டிக்குள்ளிருந்து தட்டும். தட்டுகிற சத்தம் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் கேட்கும், தெருவுக்குக் கேட்காது. கொஞ்ச நாள் மஞ்சக்கானல் இதை நம்பாமல் பதவிசாகவே நடந்துகொண்டது. பிறகு கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், பழக்கதோஷத்தில், உங்கள் கணக்கு மல்லிகைப் பூ மாதிரி மணக்கிறது என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தெருப்பக்கம் எட்டிப் பார்த்து, எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாற்றம் அடிக்கிறது என்று முடித்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் திறந்துகொண்டது. வாயில் துண்டு திணித்தவர்கள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். உப்பை உப்பு என்றும், வரப்பைத் திருடினவனைத் திருடன் என்றும் சொன்னார்கள். சத்தம் அடுத்த வளைவுவரை கேட்டதில், பஸ் டிரைவர் ஏதோ திருவிழா என்று நினைத்து வண்டியை மெதுவாக்கினார். பவுன்ராசுவும் மொக்கராசுவும் பலா மரத்தடியில் நின்று பொழுது சாய்கிறவரை கத்தி, தொண்டை போனதும், பழத்தை அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போனார்கள். ஓட்டை யார் மாற்றுவது என்பது மறுநாளைக்கு என்று தள்ளிவைக்கப்பட்டது.

தங்கமாயன் வீட்டில் மட்டும் பஸ் நிற்கிற இடத்தில் ஆரம்பித்த சண்டை முடியவில்லை. சீனியம்மாளிடம் இருப்பு நிறைய இருந்தது. ஒன்றை எடுத்தால் அதன் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. அவரிடமும் இல்லாமல் இல்லை. அவள் தன்னை ஒருநாளாவது கரடிக்குப் பயந்தவன் என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்திருந்தால், அந்தக் கதையையே தான் ஆரம்பித்திருக்க மாட்டேன் என்றார். சிரித்திருந்தால் தாங்கியிருப்பீர்களா என்று அவள் கேட்டாள். தாங்கியிருக்க மாட்டேன்தான் என்று அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, அதற்காக நீ பேசாமலே இருந்ததும் நியாயம் இல்லை என்று மறுபடி குரலை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். நடுவில் சோறு வடிக்க அவள் எழுந்துபோனாள், அவர் பின்னாலேயே போய் வெங்காயம் உரித்துக்கொண்டே கத்தினார். உள் அறையில் பெட்டி இடைவிடாமல் இடிபட்டுக்கொண்டிருந்தது. போல்ட்டுகள் அசையவில்லை.

ஒரு கட்டத்தில் அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சீனியம்மாள் கையிலிருந்த கரண்டியோடு உள் அறைக்குப் போய், பெட்டியின் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இரு. நாங்க இன்னும் பேசி முடிக்கல" என்றாள்.